பாலக்கீரைக்கு 86 மார்க், கேரட்டுக்கு 22 தானா டாக்டர்?

கேள்வி: சேலம் அம்மாபேட்டைல இருந்து எழுதறேன், வயசு 42. வாட்ஸப்ல காய்கறிக்கு மார்க் போட்ட லிஸ்ட் ஒன்னு வந்துச்சு. பாலக்கீரைக்கு 86, கேரட்டுக்கு 22, சர்க்கரைவள்ளிக்கு வெறும் 10, வெங்காயம் பூண்டு லிஸ்ட்லயே இல்ல. எனக்கு ஹீமோகுளோபின் 9.6. கேரட்டை நிறுத்திட்டு தினமும் பாலக் ஜூஸ் குடிக்கலாமா?

பதில்: கேரட்டை நிறுத்தாதீங்கம்மா. லிஸ்ட் பொய்யில்ல, 2014-ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சில 47 காய், பழத்தை எடுத்து 17 சத்தை வச்சு மார்க் போட்டாங்க, ஆனா அது 100 கலோரிக்கு எவ்வளவு சத்துங்கற கணக்கு, உங்க தட்டுல விழற அளவுக்கு இல்ல. பாலக்ல 100 கலோரி வரணும்னா 400 கிராமுக்கு மேல சாப்பிடணும், சர்க்கரைவள்ளில சுமாரா 115 கிராம் போதும், அப்போ தண்ணி நிறைய இருக்கற கீரைதானே மேல நிக்கும்? அதோட ஒரு சத்து எவ்வளவு அதிகமா இருந்தாலும் ஒரு அளவுக்கு மேல மார்க் கிடையாது, அதனால கேரட்டோட வைட்டமின் ஏ முழுசா கணக்குல வரல. பூண்டு, வெங்காயத்துல இருக்கற கந்தகச் சத்துக்கள் அந்த 17-லயே இல்ல. நம்ம முருங்கைக்கீரையும் தண்டுக்கீரையும் அந்தப் பரீட்சையே எழுதல, மார்க் இல்லைன்னு ஒதுக்கிடாதீங்க.

பாலக் ஜூஸ் தினமும் வேண்டாம். அதுல ஆக்சலேட் அதிகம், கிட்னில கல்லு வந்தவங்களுக்கு ஆகாது, அதுல இருக்கற இரும்புச்சத்தும் உடம்புல கொஞ்சம்தான் ஏறும். சூரமங்கலம் உழவர் சந்தையோ உங்க தெருவுக்கு வர்ற கீரைக்காரம்மாவோ, வாரத்துல நாலு நாள் விதவிதமா வாங்கி பருப்போட கடைஞ்சு, இறக்கினப்புறம் எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடுங்க, வைட்டமின் சி இருந்தா இரும்பு நல்லா ஏறும். சாப்பிட்டதும் டீ, காபி மட்டும் வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். ஏற்காட்டு காபியா இருந்தாலும் அதேதான்!

எனக்கு கவலை வேற. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்கு கீழ போனாலே ரத்தசோகை, 9.6-ஐ கீரையால மட்டும் ஏத்த முடியாது. மாதவிலக்கு அதிகமா போகுதா, மலம் கறுப்பா போகுதான்னு பாருங்க, உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு காட்டற ஃபெரிட்டின் ரத்த டெஸ்ட் எடுத்துட்டு டாக்டரைப் பார்த்து தேவைன்னா இரும்பு மாத்திரை ஆரம்பிங்க, இந்த வாரமே போங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை யாராச்சும் வீட்ல சாப்பிட்டா, அவங்க கீரையை திடீர்னு கூட்டவோ குறைக்கவோ கூடாது, டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான்.