அலுவலகக் காற்று: வாசகர் கேள்வி-பதில்

அரசு அலுவலகத்தில் வேலை. மதியமானால் படிக்கட்டில் நின்று சிகரெட் பிடிக்கிறார்கள். கேட்டால், “ரூமுக்குள்ள பிடிக்கலையே” என்கிறார்கள்.

படிக்கட்டும் அலுவலகம்தான். 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி அரசு அலுவலகம் ஒரு பொது இடம், அங்கே புகைபிடிக்கக் கூடாது. 2008 அக்டோபர் 2 முதல் அமலில் உள்ள விதிகளில் படிக்கட்டு பெயர் சொல்லியே வருகிறது: ‘புகைபிடிக்கக் கூடாது’ பலகை ஒவ்வொரு மாடியிலும், படிக்கட்டிலும், லிஃப்ட் வாசலிலும் இருக்க வேண்டும். யாரிடம் புகார் செய்வது என்பதும் எழுதியிருக்க வேண்டும். முதலில் அந்தப் பலகையைத் தேடுங்கள். இல்லையென்றால் அதையே முதல் புகாராக அலுவலகத் தலைவருக்கு எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது நாலு நாளில் மறந்துபோகும். மூலையில் ஆஷ்ட்ரே இருந்தால் அதையும் சேருங்கள், வைப்பதே விதிமீறல். பிடிப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் பொறுப்பாளர் கண்டுகொள்ளாவிட்டால் அவருக்கும் அபராதம் உண்டு.

எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, புகைக்கத் தனி அறை கொடுக்கலாமா?

அலுவலகத்தில் கூடாது. குறைந்தது 30 அறைகள் உள்ள ஹோட்டல், 30 இருக்கைகள் உள்ள உணவகம், விமான நிலையம், இவற்றுக்குத்தான் அந்த அனுமதி. அப்புறம், எந்த ஃபேனும் புகையை முழுசாக வெளியேற்றிவிடாது.

பக்கத்து சீட் அக்கா அடிக்கும் பாடி ஸ்ப்ரேயால் எனக்கு மூச்சு இழுக்கிறது. சொன்னால் மனசு கஷ்டப்படுவார்.

இதற்கு நம் ஊரில் தனிச் சட்டம் இல்லை, பேசித்தான் ஆக வேண்டும். எல்லார் முன்னாலும் வேண்டாம். டீ நேரத்தில் தனியாக, “அக்கா, எனக்கு வீசிங் இருக்கு. சென்ட் வாசனை பட்டாலே இன்ஹேலர் எடுக்க வேண்டியிருக்கு, ஆபீஸ் வரும்போது மட்டும் தவிர்க்க முடியுமா?” என்று கேளுங்கள். வாசனை மோசம் என்று சொல்லிவிடாதீர்கள், உங்கள் உடம்பைப் பற்றி மட்டும் பேசுங்கள். பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். அப்படியும் சரிவராவிட்டால், டாக்டர் சீட்டைக் காட்டி வேறு இருக்கை கேளுங்கள். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பல பணியிடங்கள் சென்ட் போடாமல் வரும்படி ஊழியர்களைக் கேட்கின்றன. இங்கேயும் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும், தனி ஒருவரைச் சுட்டியதாகவும் இருக்காது.

ஏசி ஹாலில் தினமும் காலை சாமி படத்துக்கு ஊதுபத்தி. ஆட்சேபித்தால் பக்திக் குறைவு என்பார்களே?

ஊதுபத்தி, சாம்பிராணி எதுவானாலும் எரிந்து வருவது புகை. மூடிய ஹாலில் அந்த நுண்துகள்கள் வெளியேற வழியில்லை. ஆஸ்துமா இருப்பவருக்கும் கர்ப்பிணிக்கும் அது நல்லதல்ல. பூஜையை நிறுத்தச் சொல்லாதீர்கள். பூ வைத்துக் கும்பிடலாம், பத்தியை வாசலுக்கு வெளியே ஏற்றலாம். ஆயுத பூஜை அன்று ஜன்னல்களைத் திறந்துவிட்டு, புகை அடங்கிய பிறகு ஏசி போடச் சொல்லுங்கள். ரூம் ஃப்ரெஷ்னர், பாத்ரூம் நாப்தலின் உருண்டை இரண்டையும் அலுவலகச் செலவுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.