அமெரிக்க அணுமின் நிலையக் காவலர்: சனிக்கிழமை விடுப்பு நாளா?

வெள்ளி இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த சனிக்கிழமையை விடுப்பு நாளாகக் கணக்கிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கணக்குப்படி அது விடுப்பு நாள்தான். நீங்கள் வெள்ளி மாலை 6 மணிக்கு வேலைக்கு ஏறி, சனி காலை 6 மணிக்கு இறங்கியிருக்கிறீர்கள். அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியில் விடுப்பு நாள் என்றால், அந்தத் தேதியில் புதிதாக ஷிஃப்ட் தொடங்காத நாள். அன்று விடியும்வரை துப்பாக்கியோடு வாயிலில் நின்றிருந்தாலும், மீதி நாளெல்லாம் தூக்கத்தில் போனாலும் கணக்கு மாறாது. கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஷிஃப்டுகளுக்கு நடுவே எவ்வளவு ஓய்வு வேண்டும் என்ற இடைவெளி விதி தனி. அட்டவணை போடுபவர் தேதியை மட்டும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். உங்களை ஞாயிறு காலை 6 மணிக்கே கூப்பிட்டால் கிடைப்பது 24 மணி நேரம். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே வேண்டிய 10 மணி நேரத்துக்கு அது போதும். எந்த 9 நாளை எடுத்தாலும் ஒருமுறை தொடர்ச்சியாக வர வேண்டிய 34 மணி நேர ஓய்வுக்குப் போதாது.

1. கடைசி 9 நாட்களில் ஏறிய, இறங்கிய மணிகளை எழுதுங்கள். 34 மணி நேர இடைவெளி ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள்.
2. அப்புறம் எந்த 7 நாளிலாவது வேலை நேரம் 72 மணி நேர வரம்பைத் தாண்டுகிறதா என்று கூட்டுங்கள்.

12 மணி நேர ஷிஃப்டில் காவலருக்கு வாரம் சராசரியாக 3 விடுப்பு நாள் வேண்டும். ஆனால் உங்கள் நிலையம் வாரம் சராசரி 54 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற மாற்று முறையை ஏற்றிருந்தால் இந்த 3 நாள் கணக்கு பொருந்தாது. அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கண் சொருகும் அளவுக்குக் களைப்பு என்றால், அட்டவணை சரியாக இருந்தாலும் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வதற்கும் விதியில் இடமிருக்கிறது.