அழுக்கு வேறு, உப்பு வேறு

அன்புள்ள சார்,

நெடுந்தூர நடைகளைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துத்தான் நானும் பேக் தூக்க ஆரம்பித்தேன். இதுவரை இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் போனதில்லை. அடுத்தது 12 நாள் நடை. நடுவில் ஊரும் கிடையாது, கடையும் கிடையாது. சாப்பாடு முழுவதையும் முதல் நாளே தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். வழியில் ஓடைகள் உண்டு, தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

என் பிரச்சினை சாப்பாடு இல்லை, சுத்தம். ஒரு நாள் குளிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் 80 எண்ணம் கொண்ட ஈரத் துடைப்பான் பாக்கெட் இரண்டு, 'மக்கும்' என்று போட்டிருக்கும் திரவ சோப்பு ஒரு பாட்டில், சானிடைசர், தினம் ஒன்றாக உள்ளாடை என்று எடுத்துவைத்தேன். கூட வரும் நண்பர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "12 நாள் குளிக்காமல் யாரும் செத்ததில்லை. இதையெல்லாம் தூக்கினால்தான் செத்துப்போவாய்" என்கிறார். அவர் பல் பிரஷ்கூட எடுப்பதாக இல்லை.

யார் சொல்வது சரி? மக்கும் சோப்பு என்றால் ஓடையில் இறங்கிக் குளிக்கலாம்தானே?

அன்புடன்,
கா.

*

அன்புள்ள கா.,

முதலில் அந்த இரண்டு பாக்கெட்டையும் தராசில் வையுங்கள். ஒரு கிலோவை நெருங்கும். ஒரு நாளைக்கு 750 கிராம் உணவு என்று வைத்தால் 12 நாளுக்கு 9 கிலோ. ஆக, ஒரு நாள் சாப்பாட்டைவிட அதிக எடைக்குத் துடைப்பான் தூக்குகிறீர்கள். அந்த எடையும் பெரும்பாலும் ஈரம்தான். தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று நீங்களே சொல்லும் இடத்துக்கு, வீட்டிலிருந்து தண்ணீரை அடைத்துக் கொண்டுபோகிறீர்கள். சாப்பாடாவது தின்னத் தின்னக் குறையும். இது குறையாது. பல துடைப்பான்களில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, புதைத்தால் மக்காது. 160-ஐயும் அழுக்கோடு திரும்பத் தூக்கி வர வேண்டும்.

இதைப் படித்ததும் நண்பர் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அவரைப் பற்றித்தான் அதிகக் கவலை.

கடை வரும் நடைக்கும் வராத நடைக்கும் வித்தியாசம் சாப்பாட்டு மூட்டையில் மட்டும் இல்லை. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்குள் இறங்குகிறவர் குளிப்பார், துவைப்பார், மருந்துக்கடைக்குப் போவார், காலில் புண் என்றால் ஒரு நாள் கட்டிலில் கிடப்பார். அதுவரை சேர்ந்ததெல்லாம் அங்கே கழிந்துவிடும். உங்களுக்கு அந்த இடம் கிடையாது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில், மெய்ன் மாநிலத்துக்குள் 'நூறு மைல் வனாந்தரம்' என்று ஒரு பகுதி உண்டு. குறைந்தது 10 நாளுக்கான பொருள் இல்லாமல் உள்ளே போகாதீர்கள் என்று அதன் தொடக்கத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதைப் படித்துவிட்டு சாப்பாட்டு மூட்டையைத்தான் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அதே பலகையில், பொருளோடு உதவியும் அடுத்த 100 மைலுக்குக் கிடைக்காது என்றும் எழுதியிருக்கிறது. இரண்டாம் நாள் தொடை இடுக்கில் உரசிப் புண்ணானால், அந்தப் புண்ணோடு இன்னும் 10 நாள் நடக்க வேண்டும் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

புண் வருவதும் பெரும்பாலும் முதல் நான்கு நாளில்தான். பேக் அப்போதுதான் உச்ச எடையில் இருக்கும். இடுப்பு வார் அழுத்தும், பாதம் பாரம் தாங்கும், வியர்வையும் அப்போதுதான் அதிகம். ஆனால் வீட்டுக் குளியலின் நினைப்பு இன்னும் போகாததால் 'நாம் சுத்தமாகத்தானே இருக்கிறோம்' என்று விட்டுவிடுவோம். எட்டாம் நாள் பேக் பாதியாகி, உடம்பில் அழுக்கு திரண்டு உருளும்போது சுத்தத்தைப் பற்றிக் கவலை வரும். அதற்குள் தோல் போயிருக்கும்.

சரி, நண்பர் சொல்வதில் பாதி உண்மை. மண், சாம்பல், அடுப்புக்கரி, கழுத்து மடிப்பில் கறுப்புக் கோடு, இதெல்லாம் ஒன்றும் செய்யாது. நாற்றமும் அப்படித்தான். வியர்வைக்குச் சொந்த வாடை அதிகம் கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று கிளப்புவதுதான் அந்தக் கற்றாழை நாற்றம். மூன்றாம் நாள் வாக்கில் உங்கள் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். டென்டில் இருவரும் ஒரே வாடை என்றால் புகார் சொல்ல ஆள் இல்லை.

நடையை நிறுத்தக்கூடிய இடம் உடம்பில் மூன்றுதான்: கை, தோல் மடிப்பு, பாதம்.

கையைப் பற்றி என் சொந்த அவமானம் ஒன்று உண்டு. மூன்று பேர் 9 நாள் நடைக்குப் போயிருந்தோம். நாலாம் நாள் இரவு ஒருவருக்கு வயிறு போக ஆரம்பித்தது. விடிவதற்குள் எனக்கும், மத்தியானம் மூன்றாமவருக்கும். தண்ணீர் வடிகட்டியைத் திட்டித் தீர்த்தோம். அது பாவம், ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. கொட்டைப் பருப்பும் உலர்திராட்சையும் கலந்த பெரிய பை ஒன்று எங்களுக்குப் பொதுவாக இருந்தது. நடக்கும்போதே மூன்று பேரும் மாறி மாறி அதில் கைவிட்டு அள்ளிக்கொண்டு வந்தோம். தண்ணீரை அவ்வளவு பக்தியாக வடிகட்டியவர்கள், புதருக்குப் போய்வந்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அதே பைக்குள் விட்டிருக்கிறோம். இரண்டு நாள் டென்டிலேயே போனது. உபரியாக வைத்திருந்தது ஒரு நாள் சாப்பாடு. கடைசி இரண்டு நாளும் அரை வயிறு.

இது எங்கள் மூன்று பேரின் முட்டாள்தனம் மட்டும் இல்லை. 1997-ல் அப்பலாச்சியன் பாதையில் நெடுநடை போன முன்னூற்றுச் சொச்சம் பேரிடம் மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். பாதிப்பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு. தண்ணீரைச் சுத்திகரித்தவர்களுக்கு அது குறைவாக வந்தது, அது எதிர்பார்த்ததுதான். மலம் கழித்த பிறகு கை கழுவியவர்களுக்கும், சமைத்த பாத்திரத்தைக் கழுவி வைத்தவர்களுக்கும்கூடக் குறைவாகவே வந்திருக்கிறது. வடிகட்டிக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியை யாரும் கைக்குக் காட்டுவதில்லை.

சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். மண்ணும் எண்ணெயும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. நடப்பவர்களிடையே சுற்றி வரும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸுக்கு அது போதுமான ஆயுதமும் இல்லை. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். ஆனால் பாட்டில் நிறைய இல்லை. ஒரு கழுவலுக்கு 2 சொட்டு, நாளுக்கு 5 கழுவல், 12 நாளுக்கு 120 சொட்டு. 10 மில்லிக்குள் முடிந்துவிடும். கண்மருந்துக் குப்பி ஒன்றை நன்றாகக் கழுவி அதில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியாகக் கை கழுவுவதில் ஒரு சிக்கல் உண்டு. பாட்டிலைச் சாய்க்க ஒரு கை வேண்டும், ஆனால் அந்தக் கைதான் அழுக்கு. நான் முகாமில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் கிளையில் தலைகீழாகக் கட்டி, மூடியை அரைச் சுற்று தளர்த்தி வைப்பேன். நூல்போலத் தண்ணீர் இறங்கும். அரைச் சிறங்கையில் நனைத்து, சோப்பு தேய்த்து, விரலிடுக்கும் நகக்கண்ணும் தேயும்வரை 20 எண்ணி, மறுபடி அந்த நூலுக்குக் கீழே காட்டினால் போதும். கிளம்பும் முன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அடுத்தது தோல் மடிப்பு. மாலையில் பேக்கைக் கழற்றியதும் தோள் வாரைப் பாருங்கள், வெள்ளையாகக் கோடு பூத்திருக்கும். வியர்வை காய்ந்து விட்டுப்போன உப்பு அது. வாரில் தெரிவது தொடை இடுக்கிலும் அக்குளிலும் இடுப்பு வாருக்கு அடியிலும் தெரியாமல் இருக்கிறது. மறுநாள் காலை அதே உப்பின் மேல் மறுபடி வியர்த்து, மறுபடி உரசும். தச்சர்கள் மரத்தை இழைக்கும் தாளுக்கு உப்புத்தாள் என்று பெயர் வைத்தவர் நெடுநடை போனாரா தெரியாது, ஆனால் பொருத்தமான பெயர். அழுக்கு உங்களை ஒன்றும் செய்யாது. உப்பு தோலை உரித்துவிடும். உப்பைக் கரைக்க சோப்பே வேண்டாம், தண்ணீர் போதும்.

ஒரு லிட்டர் போதும், உங்களுக்குத் தூக்கமும் வரும். முகாமை அடைந்ததும், உட்காரும் முன், உடம்புச் சூடு இறங்கும் முன் கழுவ வேண்டும். டென்ட் போட்டு, சாப்பிட்டுவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த அப்புறம் வராது. இருட்டும், குளிரும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவீர்கள். மெல்லிய துணி இரண்டு துண்டு வைத்துக்கொள்ளுங்கள், இடுப்புக்கு மேல் ஒன்று, கீழே ஒன்று. அடையாளத்துக்கு ஒன்றின் மூலையை வெட்டிவிடுங்கள், இருட்டில் மாறிப்போகும். முகம், கழுத்து, அக்குள், வார் அழுத்திய இடம் எல்லாம் அரை லிட்டரில் முடியும். தொடை இடுக்கைத் துடைத்தால் மட்டும் போதாது, தண்ணீரை ஊற்றி உப்பை ஓடவிட வேண்டும். கடைசியில் பாதம். நன்றாகக் காயவிட்டு, உரசும் இடத்தில் பட்டாணி அளவு பெட்ரோலியம் ஜெல்லி.

வெந்நீர் ஆசை வரும். அரை லிட்டர் கொதிக்க வைக்க 7, 8 கிராம் கேஸ் போகும். தினம் மாலை என்றால் 12 நாளில் கிட்டத்தட்ட ஒரு சின்ன 100 கிராம் சிலிண்டர் காலி. நான் மத்தியான ஓய்விலேயே கறுப்புப் பாட்டில் ஒன்றை நிரப்பி வெயில்பட்ட பாறையில் கிடத்திவிடுவேன். வெந்நீர் என்று சொல்ல முடியாது, ஆனால் பல்லைக் கடிக்க வேண்டியிருக்காது.

ஓடைக்குள் சோப்போடு இறங்கலாமா என்றால், கூடாது. மக்கும் என்று போட்டிருந்தால், மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும் என்று அர்த்தம். ஓடையில் விட்டால் அது வெறும் சோப்புதான், மீனின் செவுளுக்கும் நீர்ப்பூச்சிக்கும் கெடுதல். தண்ணீரை மொண்டுகொண்டு கரையிலிருந்து 60 மீட்டர், அதாவது 70, 80 காலடி எடுத்து வைத்துத் தள்ளிப்போய்க் கழுவுங்கள். சோப்பே போடாவிட்டாலும், உடம்பில் சன்ஸ்க்ரீனும் பூச்சிவிரட்டியும் பூசியிருந்தால் சின்னச் சுனையில் இறங்காதீர்கள். பெரிய ஆறு என்றால் முதலில் கரையில் ஒரு கழுவல், அப்புறம் முங்கிக்கொள்ளலாம்.

பாதத்துக்கு வருவோம். கொப்புளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சேற்றுப்புண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும் விரலிடுக்கு வெளுத்து, ஊறி, கீறிக்கொள்ளும். முதல் உலகப்போரில் 1914-15 குளிர்காலத்தில் பதுங்குகுழிகளில் நின்ற ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் கால் கெட்டது இப்படிப்பட்ட ஈரத்தாலும் குளிராலும்தான். அதற்கு ராணுவம் கண்டுபிடித்த வைத்தியம் காய்ந்த சாக்ஸும், தினம் ஒருவர் காலை இன்னொருவர் பார்ப்பதும். நான் மூன்று ஜோடி எடுப்பேன். இரண்டு நடக்க, ஒன்று படுக்க. அந்த மூன்றாவது ஜோடி ஷூவுக்குள் போகவே போகாது, என்ன மழையானாலும் சரி. எட்டு மணி நேரம் கால் காய்ந்து கிடந்தால் மறுநாள் ஈர ஷூவில் நடப்பதைத் தாங்கிக்கொள்ளும்.

உள்ளாடை 12 வேண்டாம், 3 போதும். பையில் தண்ணீர் ஊற்றி, போட்டுக் குலுக்கிப் பிழிந்து, பேக்கின் வெளியே தொங்கவிட்டால் நடக்க நடக்கக் காயும். மெரினோ கம்பளி கிடைத்தால் நல்லது, பாலியஸ்டர் அளவுக்கு நாற்றத்தைப் பிடித்து வைக்காது. காய்வது கொஞ்சம் மெதுவாகத்தான்.

இரண்டுக்குப் போக 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி, அதே 60 மீட்டர் தூரம். தண்ணீரால் கழுவிக்கொண்டால் காகிதம் தூக்க வேண்டாம். காகிதம்தான் வேண்டும் என்றால் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். கரடி நடமாடும் பகுதியானால் சோப்பு, பற்பசை என்று மணக்கும் எதுவும் டென்டில் இருக்கக் கூடாது, டென்டுக்கு வெளியே சாப்பாட்டோடுதான் இருக்க வேண்டும்.

துடைப்பானை முழுக்கக் கைவிட மனம் வராது என்று தெரியும். ஒரு பாக்கெட்டைப் பிரித்து 24 எடுத்து, கொடியில் காயப்போட்டு, மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். சில பத்து கிராம்தான் வரும். அங்கே இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி ஈரத் துடைப்பான்.

நண்பரை மாற்ற முயல வேண்டாம். தின்பண்டத்தை மட்டும் வீட்டிலேயே இரண்டு பையாகப் பிரித்துவிடுங்கள். உங்கள் பையிலிருந்து கேட்டால் அவர் உள்ளங்கையில் கொட்டிக் கொடுங்கள், கையை உள்ளே விட அனுமதிக்காதீர்கள். அப்புறம், ஆறாம் நாள் வாக்கில் அவர் உங்கள் பல் பிரஷை இரவல் கேட்பார். தராதீர்கள்.