தலையாட்டினால் புரிந்துவிட்டதா?

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் லைன் லீடராக இருக்கிறேன். பிறவியிலேயே காது கேளாத மலாய்த் தம்பி ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். 54 வயது அண்ணன் ஒருவருக்கும் சில வருடமாகக் காது மந்தம், கருவி போடுகிறார். காலையில் வேலையை விளக்கினால் இரண்டு பேரும் தலையாட்டுகிறார்கள். பிறகு பார்த்தால் வேலை வேறு மாதிரி நடந்திருக்கிறது. எழுதிக் கொடுத்தாலும் தம்பிக்குச் சில நேரம் புரிவதில்லை. அக்கறை இல்லையா?

பதில்: அக்கறைக்கு ஒரு குறையும் இல்லை. அந்தத் தலையாட்டலைத்தான் நீங்கள் தப்பாகப் படிக்கிறீர்கள்.

காது கேளாத பிள்ளைகள் பலர் வளரும் வீட்டில் மற்ற எல்லாருக்கும் காது கேட்கும். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரிக்கும்போது "என்ன?" என்று கேட்டால், "ஒன்னுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டு அடுத்தவர் முகம் சுளிப்பதைப் பார்ப்பதைவிட, தலையாட்டிவிட்டுப் பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்துவிடலாம் என்று சின்ன வயதிலேயே பழகிவிடுகிறார்கள். அதனால் "புரிஞ்சதா?" என்று கேட்காதீர்கள். "இந்தப் பெட்டி எந்த ராக்குக்குப் போகும்?" என்று கேளுங்கள், கையால் காட்டச் சொல்லுங்கள். தப்பு அங்கேயே தெரிந்துவிடும். "அப்புறம் சொல்றேன்" என்ற வார்த்தையை உங்கள் லைனில் தடை செய்துவிட்டால் இன்னும் நல்லது.

எழுத்துக்கு வருவோம். தம்பிக்கு முதல் மொழி மலாய் என்று நினைக்கிறீர்கள். அவர் சைகை மொழியில் வளர்ந்தவர் என்றால், முதல் மொழி மலேசிய சைகை மொழி, அதாவது பிம். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதைக் காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றிருக்கிறது. மலாயைக் கையால் அப்படியே எழுதிக் காட்டுவதல்ல பிம். அதற்குத் தனி இலக்கணம் உண்டு. 'பாஸ்தி' (உறுதி) என்ற சொல் மெமாஸ்திக்கான் (உறுதிசெய்), டிபாஸ்திக்கான் (உறுதிசெய்யப்படு) என்று தலையும் வாலும் முளைத்து வரும்போது, அந்த ஒட்டுகளைக் காதால் கேட்டே பழகாதவருக்கு யார் செய்ய வேண்டும், யாருக்குச் செய்ய வேண்டும் என்பதே குழம்பிவிடும். நிர்வாகச் சுற்றறிக்கை மலாயை விடுங்கள். "கோத்தாக் சியாப். லெத்தாக் ராக் 3." (பெட்டி தயார். ராக் 3இல் வை.) அவ்வளவு போதும். பக்கத்தில் ஒரு படம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சைகை மொழி ஏதோ கோலாலம்பூரிலிருந்து வந்த சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம பினாங்கில் 1954இல் காது கேளாதோர் பள்ளி தொடங்கியபோது வகுப்பில் உதட்டைப் பார்த்துப் பேசத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் தாங்களாகவே சைகைகளை உண்டாக்கிக்கொண்டார்கள். பினாங்கு சைகை மொழி என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு.

அண்ணனின் கதை வேறு. அவருக்குச் சைகை தெரியாது, தேவையும் இல்லை. வயதாலோ இரைச்சலாலோ காது மந்தமாகும்போது பெரும்பாலும் முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள்: ஸ, ச, த போன்ற மெய்யொலிகள். குரல் கேட்கும், சொல் பிடிபடாது. காதுக் கருவி உங்கள் குரலோடு கன்வேயர் சத்தத்தையும் சேர்த்தே பெருக்கும். கத்தினால் பயனில்லை; காதும் வலிக்கும், உதட்டு அசைவும் கோணிவிடும். மெஷினிலிருந்து தள்ளி அழைத்துப் போய், ஒரு கை தூரத்தில், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று சாதாரணமாகப் பேசுங்கள். புரியாவிட்டால் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். கிளீன் ரூமில் முகக்கவசம் உதட்டை மறைத்துவிடும் என்பதால், உள்ளே போகுமுன்பே பேசி முடித்துவிடுங்கள்.

உதட்டை வாசிப்பதையும் பெரிதாக நம்ப வேண்டாம். கண்ணாடி முன் நின்று 'பத்து', 'மத்து' என்று சொல்லிப் பாருங்கள். மலாயில் காலை என்னும் 'பாகி'யையும் (pagi), பங்கிடுவது என்னும் 'பாகி'யையும் (bagi) சொல்லிப் பாருங்கள், இரண்டும் உதட்டில் ஒன்றுதான். நேரம், எண்ணிக்கை, லாட் நம்பர் மூன்றையும் எப்போதும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. அண்ணனுக்குக் காது மந்தமானது இதே வேலையிலா என்று கேளுங்கள். 2019 இரைச்சல் விதிமுறைகளின்படி 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல் உச்ச வரம்பு. அதைத் தாண்டும் இடத்தில் ஆண்டுதோறும் செவிச் சோதனை நடக்க வேண்டும். இதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொண்டு போவது உங்கள் பொறுப்பு.

மீட்டிங்கில் ஒரு நேரத்தில் ஒருவர், கை தூக்கிவிட்டுப் பேசட்டும். கைப்பேசியில் பேச்சை எழுத்தாக்கும் செயலி உதவும், ஆனால் மலாய், தமிழ், ஹொக்கியன் மூன்றையும் கலந்து நாம் பேசும் ரோஜாக்கை அது தாங்காது. பெரிய கூட்டத்துக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வந்தால், அவரைப் பார்த்து "இவர்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லாமல் தம்பியைப் பார்த்தே பேசுங்கள். தீ எச்சரிக்கைக்கு மின்னும் விளக்கு இருக்கிறதா, கழிவறையிலும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

தம்பியிடம் நாலு சைகை கற்றுக்கொள்ளுங்கள்: காலை வணக்கம், நன்றி, நிறுத்து, மறுபடியும். உங்களுக்கு ஒரு பெயர்ச் சைகை, அதாவது உங்களைக் குறிக்கும் தனிச் சைகை, வேண்டுமென்றால் நீங்களாக வைத்துக்கொள்ளாதீர்கள், அதை அவர்தான் சூட்ட வேண்டும். மூக்குக் கண்ணாடியோ மச்சமோ, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார்.