'தாமரை இலை' பெயிண்ட்: கடையிலேயே சோதித்துப் பாருங்கள்

கேள்வி: வெளிச்சுவருக்கு எமல்ஷன் அடிக்கப்போகிறோம். "தாமரை இலைத் தொழில்நுட்பம், அழுக்கே ஒட்டாது" என்று விலை கூடிய பெயிண்ட் ஒன்றைக் கடைக்காரர் காட்டுகிறார். வாங்கலாமா? சமையலறைக்கும் அதையே அடிக்கலாமா?

பதில்: தொழில்நுட்பம் உண்மை. டப்பாவில் இருப்பது அதுதானா என்பதே கேள்வி.

தாமரை இலை வழவழப்பாக இருப்பதால்தான் தண்ணீர் ஒட்டுவதில்லை என்று பலரும் நினைக்கிறோம். நேர்மாறு. இலை முழுக்க மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் மேடுகள். அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய மெழுகுக் குழல்கள். இடையில் காற்று தங்குவதால் சொட்டு நுனிகளில் மட்டும் உட்கார்ந்து, முத்தாக உருளும். தூசியும் அதே நுனிகளில்தான் நிற்கிறது என்பதால், உருளும் சொட்டு அதை வாரிக்கொண்டு போய்விடும். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் இதை விளக்கிக் காட்டினார். 1999இல் 'லோட்டுசான்' என்ற வெளிச்சுவர் பெயிண்ட் அங்கே விற்பனைக்கு வந்தது.

இத்தகைய மேடுபள்ளம் ஒளியைச் சிதறடிக்கும். பூச்சு பளபளப்பின்றி மங்கலாகத்தான் ('மேட்' ஃபினிஷ்) தெரியும். பளபளக்கும் பெயிண்டைத் தாமரை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பெயிண்ட் பூசி நன்றாகக் காய்ந்த 10 சென்டிமீட்டர் அட்டை ஒன்றைக் கேளுங்கள். சாக்பீஸ் தூளை லேசாகத் தூவி, ஒரு முனையை 2 சென்டிமீட்டர் தூக்கி, மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உருண்டு, போன வழியெல்லாம் தூள் துடைத்தாற்போல் போயிருந்தால் நல்ல சரக்கு. குமிழாக நின்றும் நகராமல் ஒட்டிக்கொண்டாலோ, ஈரத்தடம் விட்டாலோ, அது வெறும் நீர் விலக்கும் பெயிண்ட். மழைக்கு அதுவும் உதவும்; ஆனால் தாமரை விலை கொடுக்க வேண்டாம். பிறகு அட்டையை ஈரத்துணியால் பத்துத் தடவை தேய்த்து, மறுபடி சொட்டு விடுங்கள். பெரும்பாலான பூச்சுகள் தோற்பது இங்கேதான். இலைக்கு மெழுகு தேய்ந்தால் மறுபடி சுரக்கும். சுவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கை படும், பைக் உரசும் அடிச்சுவருக்கு இது வீண். சன்ஷேடுக்கு அடியிலும் வீண்தான்: மழை படாத இடத்தில் அழுக்கை யார் கழுவுவது? விரிசல் வழியாக வரும் ஓதத்தையும் இது நிறுத்தாது. முதலில் விரிசலை அடைத்துவிடுங்கள்.

சமையலறைக்கு வேண்டவே வேண்டாம். எண்ணெயின் பரப்பு இழுவிசை (சொட்டை உருண்டையாக இழுத்துப் பிடிக்கும் விசை) தண்ணீருடையதில் பாதிகூட இல்லை. மேடுகளுக்கு நடுவே புகுந்து காற்றை வெளியேற்றிவிடும். சோப்பு போட்டுத் துடைத்தால் அதன் படலமும் அங்கேயே தங்கும். அந்தச் சுவருக்குத் துடைக்கத் தாங்கும் சற்றுப் பளபளப்பான எமல்ஷனே போதும், அடுப்புக்குப் பின்னால் மட்டும் டைல்ஸ் ஒட்டிவிடுங்கள்.