மெட்கால்ஃபும் மச்சானும் நாற்பது பேர் பிரியாணியும்

கேள்வி: அண்ணா, ஒன்பது வருடமாக பிட்ஸ்பர்கில் இருக்கிறேன். கிரிக்கெட் பைத்தியமாக இங்கே வந்து இறங்கியவன், இப்போது இந்த ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ஸ்டீலர்ஸ் பைத்தியம். 2025 மார்ச்சில் சியாட்டல் அணியிடமிருந்து டி.கே. மெட்கால்ஃப் என்கிற ரிசீவரை (எறிகிற பந்தைப் பிடித்து ஓடுகிற ஆள்) வாங்கினார்களே, அன்று ஆரம்பித்தது எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் சண்டை. இந்த சீசனில் அவர் பந்தைப் பிடித்து 1,400 யார்டு முன்னேறுவார், எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் போய் 12 டச்டவுன் எடுப்பார் என்று நான் சொல்கிறேன். 800 தாண்டினாலே பெரிய விஷயம், காசைக் கரியாக்கிவிட்டார்கள் என்று மச்சான் சொல்கிறார். யார் சொன்னது ரொம்பத் தள்ளிப் போகிறதோ அவர் நாற்பது பேருக்குப் பிரியாணி போட வேண்டும் என்று பந்தயம். போன வாரம் பேச்சு முற்றிப்போய் அவர் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். மனைவி என்னைத்தான் முறைக்கிறாள். நான் அதிகமாக எதிர்பார்க்கிறேனா? இந்தப் பந்தயத்தை என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், பிட்ஸ்பர்க், ஜூலை 2025)

பதில்: தம்பி, கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிசி வாங்கி வையுங்கள். 1,400 வராது.

கோபப்படாமல் இதைக் கொஞ்சம் பாருங்கள். மெட்கால்ஃப் சியாட்டலில் ஆறு சீசன் ஆடியிருக்கிறார். வரிசையாக அவர் எடுத்த யார்டு: 900, 1,303, 967, 1,048, 1,114, 992. ஆறில் ஒரே ஒரு தடவைதான் 1,300-ஐத் தாண்டினார், அதுவும் 2020-ல், இருபத்திரண்டு வயதில். மற்ற ஐந்தும் ஆயிரத்தைச் சுற்றியே நிற்கின்றன. நீங்கள் கேட்பது அவர் இதுவரை ஒருமுறைகூடத் தொடாத எண். புது ஊர், பந்தை எறிய ஒரு புது குவார்ட்டர்பேக், புது ஆட்டப் புத்தகம் என்று எல்லாம் மாறுகிற வருடத்தில் அதைக் கேட்கிறீர்கள்.

சரி, கணக்கே போட்டுவிடுவோம். அணி ஒரு ஆட்டத்துக்கு 30 பந்து எறிகிறது என்று வைத்துக்கொள்வோம். 17 ஆட்டத்துக்கு 510. அதில் முதல் ரிசீவருக்கு நூற்றுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று பந்து போனால் அதுவே தாராளம். சுமார் 115 வரும். மெட்கால்ஃப் பத்துக்கு ஆறு பிடிப்பவர். போன வருடம் 108 பந்து வந்ததில் 66 பிடித்தார். அப்படியானால் 69 கேட்ச், ஒன்றுக்கு 14 யார்டு, மொத்தம் 966. இதே விகிதத்தில் 1,400 வேண்டுமென்றால் அவரை நோக்கி 167 பந்தாவது வர வேண்டும். அவருக்கு அதிகமாக வந்த வருடமே 2022 தான், அப்போது 141 பந்து வந்தது, 90 பிடித்தார், யார்டு 1,048. பந்து கூடக் கூட யார்டும் அதே அளவு கூடிக்கொண்டே போகும் என்பதற்கு அவரிடம் சாட்சி இல்லை.

அந்த 30 பந்தாவது எறிவார்களா என்பதே அடுத்த சந்தேகம். ஆட்டத்தை வகுப்பவர் ஆர்தர் ஸ்மித். எறிவதைவிடப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதை நம்புகிறவர், எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிற டைட் எண்டுகள் என்றால் உயிர். போன வருடம் லீகிலேயே அதிகம் ஓடிய அணிகளில் ஸ்டீலர்ஸும் ஒன்று. ஓட்டக்காரர் நஜீ ஹாரிஸ் போனார், உடனே டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கிற இடம்) மூன்றாம் சுற்றில் இன்னொரு ஓட்டக்காரர் கேலப் ஜான்சனை எடுத்தார்கள். ஜூன் கடைசியில் மயாமியிலிருந்து டைட் எண்ட் ஜோனு ஸ்மித் வந்தார். போன சீசனில் அவர் மட்டும் 88 கேட்ச், 884 யார்டு. இப்படி ஆள் சேர்க்கிற வீட்டில், வருகிற பந்தையெல்லாம் மெட்கால்ஃபுக்கே போடுவார்கள் என்று எப்படி நினைத்தீர்களோ!

உங்கள் பக்கத்துக்கு நல்ல சாட்சி ஒருவர் உண்டு, ஸ்டெஃபான் டிக்ஸ். 2019-ல் மினசோட்டாவில் 63 கேட்ச், 1,130 யார்டு. 2020-ல் பஃபலோ போய் 127 கேட்ச், 1,535 யார்டு, லீகிலேயே முதல் இடம். மனிதர் ஒரு வருடத்தில் இரண்டு மடங்கு நல்லவர் ஆகிவிடவில்லை. ஓடுகிற அணியை விட்டு எறிகிற அணிக்குப் போனார். உங்கள் ஆள் நேர் எதிர்த்திசையில் வருகிறார். சியாட்டலில் போன வருடம் ஜீனோ ஸ்மித் 4,320 யார்டு எறிந்தார். அங்கேயே மெட்கால்ஃப் இரண்டாவது ஆளாக இருந்தார். முதல் ஆள் 1,130 யார்டு எடுத்த ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா.

இதைப் படித்துவிட்டு மச்சான் துள்ளிக் குதிக்க வேண்டாம். அவருக்கும் இருக்கிறது.

"காசைக் கரியாக்கிவிட்டார்கள்" என்கிறாரே, எந்தக் காசு? இதில் இரண்டு விலை இருக்கிறது, ஸ்டீலர்ஸ் ரசிகர்களில் பாதிப் பேர் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறார்கள். சியாட்டலுக்குக் கொடுத்தது டிராஃப்டில் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமை, 52-வது இடம், அதோடு கடைசிச் சுற்றுகளில் ஒரு சில்லறை மாற்றல். இது மலிவு. மெட்கால்ஃபுக்குக் கொடுத்தது நான்கு வருட ஒப்பந்த நீட்டிப்புக்கு 13.2 கோடி டாலர், வருடத்துக்கு 3.3 கோடி. இது விலை கூடுதல்தான், ஆனால் ரிசீவர் சந்தையே அங்கேதான் ஏறி நிற்கிறது. மலிவாக வாங்கி, நிறையச் சம்பளம் கொடுத்தார்கள். இரண்டும் உண்மை. எனவே ஏமாந்தார்கள் என்று மச்சானும் சொல்ல முடியாது, அள்ளிக்கொண்டார்கள் என்று நீங்களும் சொல்ல முடியாது.

விலையை வைத்து எண்ணைக் கணிப்பது எவ்வளவு வீண் வேலை என்பதற்கு உங்கள் ஊரிலேயே கதை இருக்கிறது. 2022-ல் ரிசீவர் சேஸ் கிளேபூலை ஸ்டீலர்ஸ் சிகாகோவுக்கு விற்றது, இதே போல ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வுக்கு. சிகாகோவில் அவர் அந்த சீசனில் பிடித்தது 14 பந்து, 140 யார்டு. அடுத்த வருடமே அங்கிருந்தும் கிளம்பிவிட்டார். அந்தத் தேர்வு 32-வது இடமாக மாறி, ஜோயி போர்ட்டர் ஜூனியர் வந்து சேர்ந்தார். அப்போது பிட்ஸ்பர்க் முழுக்கச் சிரித்தது, நீங்களும் சிரித்திருப்பீர்கள். இப்போது அதே இரண்டாம் சுற்று விலையில் நீங்கள் வாங்குகிற பக்கம் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஸ்டீலர்ஸ் ரிசீவரைக் காசு கொடுத்து வாங்குகிற வீடே கிடையாது, பெற்று வளர்க்கிற வீடு. 1974-ல் ஒரே டிராஃப்டில் லின் ஸ்வான், ஜான் ஸ்டால்வொர்த் இரண்டு பேரையும் எடுத்தார்கள். ஹைன்ஸ் வார்டு மூன்றாம் சுற்று, அன்டோனியோ பிரவுன் ஆறாம் சுற்று. வளர்த்து ஆளாக்கி, தலைவலி ஆரம்பிக்கும்போது வெளியே அனுப்புவதுதான் பழக்கம். மே மாதம் இன்னொரு ரிசீவர் ஜார்ஜ் பிக்கன்ஸை டாலஸுக்கு அனுப்பினார்களே, அதுவும் அதே பாட்டுதான். இப்படிப்பட்ட வீட்டில் வெளியிலிருந்து வருகிற பெரிய மாப்பிள்ளை என்றால் எல்லோரும் தட்டில் என்ன வைத்தார்கள், எவ்வளவு சாப்பிட்டார் என்று பார்க்கத்தான் செய்வார்கள். உங்கள் சண்டையில் பாதி அதனால் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் மச்சானிடம் ராண்டி மாஸ் பெயரை நிச்சயம் இழுத்திருப்பீர்கள். எல்லோரும் இழுப்பார்கள். 2006-ல் ஓக்லாந்தில் 42 கேட்ச், 553 யார்டு என்று ஒடுங்கிக் கிடந்தவரை 2007-ல் ஒரே ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு நியூ இங்கிலாந்து வாங்கியது. 98 கேட்ச், 1,493 யார்டு, 23 டச்டவுன். ஒரு சீசனில் பந்தைப் பிடித்து எடுத்த டச்டவுன்களில் அந்த 23 இன்றைக்கும் சாதனை. நன்றாக இருக்கிறது, சொல்லச் சொல்ல இனிக்கிறது. ஆனால் அதே அணி, அதே பயிற்சியாளர், அதே குவார்ட்டர்பேக் டாம் பிரேடி, 2011-ல் சாட் ஓசோசின்கோ வந்தார். பெங்கால்ஸில் ஆயிரம் ஆயிரமாக எடுத்த மனுஷன். அந்த சீசன் முழுக்க 15 கேட்ச், 276 யார்டு, ஒரு டச்டவுன். எதிரணி நிற்கிற விதத்தைப் பார்த்து ரிசீவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வழியை மாற்ற வேண்டும், அதே நொடியில் குவார்ட்டர்பேக்கும் அதையே நினைக்க வேண்டும்; இதுதான் அந்த அணியின் ஆட்டம். அவருக்கு அது கடைசி வரை கைவரவில்லை. வேகம், கை, அனுபவம் எல்லாம் இருந்தும்.

இந்த இடத்தில்தான் எனக்கும் உங்கள் ஆளைப் பற்றிக் கொஞ்சம் பயம். ஜூனில் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் வந்துவிட்டார். நாற்பத்தொரு வயது, டிசம்பரில் நாற்பத்திரண்டு. போன வருடம் ஜெட்ஸில் 28 டச்டவுன் எறிந்தவர்தான், கை இன்னும் போகவில்லை. ஆனால் ரிசீவரைக் கண்ணாலும் விரலாலும் ஆட்டுவிக்கிற ஆள் அவர். கோட்டில் நிற்கும்போது ஒரு சைகை காட்டுவார், அதைப் பிடித்துக்கொள்கிறவனுக்குப் பந்து போகும். தவறவிட்டவன் அடுத்த இரண்டு ஆட்டம் காற்று வாங்கிக்கொண்டு நிற்பான். டாவான்டே ஆடம்ஸ் மாதிரி பல வருடம் பழகியவருக்கு அது பிள்ளை விளையாட்டு. மெட்கால்ஃபின் பலம் வேறு மாதிரி: ஆறடி நாலு அங்குலம், நாற்பது யார்டை 4.33 நொடியில் ஓடியவர், நேராகக் கிழித்துக்கொண்டு போவார். இருவரும் மார்ச்சிலேயே லாஸ் ஏஞ்சலஸில் சேர்ந்து எறிந்து பழகியது நல்ல சேதி. இந்த மாதக் கடைசியில் லட்ரோபில் பயிற்சி முகாம் தொடங்கும்போது யார்டு எண்ணாதீர்கள், எத்தனை முறை ராட்ஜர்ஸ் கையை விரித்து "எங்கே போனாய்?" என்று கேட்கிறார் என்று எண்ணுங்கள்.

அப்புறம், பிக்கன்ஸ் போனதை இருவருமே மறந்து பேசுகிறீர்கள். மார்ச்சில் திட்டம் இரண்டு பெரிய ரிசீவர், பக்கத்துக்கு ஒருவர். மே மாதம் அது ஒருவராகிவிட்டது. இப்போது எதிரணிக்குக் குழப்பமே இல்லை, மெட்கால்ஃபை ஒட்டிக் காவல் காக்க ஒரு கார்னர்பேக், அவருக்குப் பின்னால் கடைசிக் காவலாக அந்தப் பக்கம் சாய்ந்து நிற்க ஒரு சேஃப்டி, வேலை முடிந்தது. இதனால் அவருடைய எண் குறையும். ஆனால் அந்த சேஃப்டி அங்கே போய்விட்டதால் நடுவில் ஜோனு ஸ்மித்துக்கும் இன்னொரு டைட் எண்ட் ஃப்ரையர்மூத்துக்கும் இடம் கிடைக்கும், ஓடுகிற ஜேலன் வாரனை மடக்கிப் பிடிக்க ஒரு ஆள் குறைவார். மெட்கால்ஃப் நான்கு கேட்ச், 45 யார்டு என்று முடிக்கிற ஞாயிற்றுக்கிழமையில் அணி 27 புள்ளி எடுத்திருக்கலாம். அன்றைக்கு மச்சான் "பார்த்தாயா" என்பார். அவர் சொல்வது தப்பு. டிவியில் பின்னால் நிற்கிற சேஃப்டி பல நேரம் கண்ணில் படமாட்டார், மேலிருந்து காட்டுகிற ரீப்ளேயில் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்று. அதற்குத்தான் 3.3 கோடி.

எண்ணும் வெற்றியும் தனித்தனி வண்டி என்பதற்கு ஒன்று மட்டும் சொல்லிவிட்டு விடுகிறேன்: 2022-ல் ரெய்டர்ஸுக்குப் போன டாவான்டே ஆடம்ஸ் 1,516 யார்டு, 14 டச்டவுன் எடுத்தார். அணி 6 வென்று 11 தோற்றது. உங்களுக்கு வேண்டியது எது? ஸ்டீலர்ஸ் பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் வருகிற நாக்-அவுட் சுற்று) கடைசியாக ஒரு ஆட்டம் வென்றது 2017 ஜனவரியில். நீங்கள் பிட்ஸ்பர்கில் கால் வைப்பதற்குச் சற்று முந்தியோ பிந்தியோ நடந்தது அது.

என் எண் கேட்டால்: 970 யார்டு, 7 டச்டவுன், ஒன்றிரண்டு ஆட்டத்தில் கொதித்துப்போய் வாங்குகிற அபராதக் கொடி. இந்தக் கொடி விஷயம் சியாட்டல் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும், நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது பந்தயம். என் கணக்குப்படி நீங்கள் 430 யார்டு தள்ளி நிற்கிறீர்கள், மச்சான் 170. தோற்கப் போவது நீங்கள். ஆகவே சீசன் ஆரம்பிக்கும் முன்னால், செப்டம்பர் 7-ம் தேதி ஜெட்ஸ் ஆட்டத்துக்கு முன்னாலேயே, நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். ஃபோனில் வேண்டாம், வாட்ஸ்ஆப்பில் சத்தியமாக வேண்டாம். "மச்சான், 1,400 கொஞ்சம் ஓவர்தான், ஆயிரம் வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அவர் 800-லிருந்து 900-க்கு வருவாரா என்று கேளுங்கள். வந்தால் பந்தயம் நியாயமாகிவிடும், வரவில்லையென்றால் அவரிடம் கிளேபூல் கதையைச் சொல்லாதீர்கள், அது அவருக்குத்தான் சாதகம். நாற்பது பேரைப் பத்தாக்குங்கள். நாற்பது பேர் பிரியாணி என்பது பந்தயமில்லை, கல்யாணம்.

மனைவி முறைப்பது ரிசீவரைப் பற்றி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அவருடைய அண்ணன் வாசலுக்கு வரவில்லை, அதுதான்.

இரண்டாம் வாரம், செப்டம்பர் 14, சியாட்டலே உங்கள் ஊருக்கு வருகிறது, பகல் ஒரு மணி ஆட்டம். மெட்கால்ஃபுக்குப் பழைய வீட்டுக்காரர்கள் எதிரில். அன்றைக்கு மச்சானையும் பிள்ளைகளையும் உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் சுழற்றுகிற மஞ்சள் துண்டு ஒன்றை அவர் கையிலும் கொடுங்கள். பிரியாணி ஜனவரிக்கு இருக்கட்டும், அன்றைக்கு இட்லியும் கோழிக் குழம்பும் போதும்.