உளி படாத கல்

கேள்வி: சீனர்கள் ஜேட் கல்லை எப்படிப்பட்ட உளியால் செதுக்கினார்கள்? பழைய சிற்பங்கள் இவ்வளவு அரிதாக இருப்பது ஏன்?
– ரா.மீ., பினாங்கு

உளியே கிடையாது. 'செதுக்கினார்கள்' என்று நாமும்தான் எழுதுகிறோம். வேலை என்னவோ தேய்ப்புதான். ஜேட் என்ற பெயரில் வருவது நெஃப்ரைட், ஜேடைட் என்ற இரு வேறு கற்கள். பழைய சீன வேலைப்பாடுகளில் பெரும்பாலும் இருப்பது நெஃப்ரைட். நுண்ணிய இழைகள் கம்பளம்போலப் பின்னிக்கிடக்கும் கல் இது. உளியால் அடித்தால் நினைத்த இடத்தில் சில்லு பெயராது. ஆகவே கல்லைவிடக் கடினமான மணலைத் தண்ணீரில் குழைத்து அறுத்தார்கள். முதலில் குவார்ட்ஸ் மணல், பிற்பாடு கார்னெட் தூள், குருந்தத்தூள். (உலகமே 'கொரண்டம்' என்கிறதே, அது நம்முடைய 'குருந்தம்'தான்.) கயிறு, குழாய்த் துரப்பணம், காலால் மிதித்துச் சுழற்றும் இரும்புத் தட்டு எல்லாம் மணலை நகர்த்த மட்டுமே. மணல் காய்ந்தால் கருவி வழுக்கும், வெட்டு நின்றுவிடும்.

கிண்ணம் குடைவதைப் பாருங்கள். குழாயை வைத்துச் சுழற்றினால் வட்டமாகப் பள்ளம் விழும், நடுவில் ஒரு தண்டு நிற்கும். அதை அடியோடு தட்டி உடைத்தெடுத்துவிட்டு, வளைந்த இரும்பால் உட்சுவரைத் தேய்ப்பார்கள். கல்லுக்குள் மறைந்த விரிசல் இருந்தால், தண்டோடு கிண்ணமும் போகும். மாதக்கணக்கான உழைப்பு வீண்.

நல்ல கல் இன்றைய மேற்குச் சீனாவிலுள்ள கோத்தான் பக்கத்து ஆறுகளிலிருந்து வந்தது. 1759இல் சியென்லோங் பேரரசர் அப்பகுதியைப் பிடித்த பிறகுதான் பெரிய கற்கள் தாராளமாக வந்தன. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் பழங்கதை மன்னர் 'பெரிய யூ வெள்ளத்தை அடக்கிய' காட்சி கொண்ட, மலை வடிவ ஜேட் சிற்பம் 224 செ.மீ. உயரம், சுமார் 5 டன். யாங்ஜோ பட்டறையில் பல ஆண்டுகள் தேய்த்தார்கள். அதற்கு முந்தைய காலத்தில் இந்த அளவுக் கல் மிக அரிது.

கேள்வி: மிங் காலத்து வளையல் என்று பளிச்சென்ற பச்சையில் ஒன்றைக் காட்டுகிறார்கள். நம்பலாமா?
– சு.கோ., சிங்கப்பூர்

அந்தப் பச்சை பெரும்பாலும் பர்மாவின் ஜேடைட். அது சீனாவுக்குள் பெருமளவில் வந்தது 18ஆம் நூற்றாண்டில்; மிங் ஆட்சி 1644இலேயே முடிந்துவிட்டது. கணக்கு உதைக்கிறது.

கல் எது என்று மட்டும் அறிய எடை போதும். உதாரணமாக, ஒரு கல் காற்றில் 118 கிராம். நூலில் கட்டி, பாத்திரத்தில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 78. வித்தியாசம் 40. 118ஐ 40ஆல் வகுத்தால் 2.95; அதாவது தண்ணீரைவிட அத்தனை மடங்கு அடர்த்தி. அது நெஃப்ரைட். ஜேடைட் என்றால் 3.3ஐ ஒட்டி வரும். ஜேட்போலத் தோன்றும் வேறொரு கல்லான பச்சைச் செர்பென்டைன் 2.6 பக்கம். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு குறைத்துக் காட்டும். உலோகப் பூண் போட்டது, பசை வைத்து ஒட்டியது என்றால் இந்தச் சோதனையே வேண்டாம்.

வயதை எடை சொல்லாது. பத்து மடங்கு லென்ஸில் கோடுகளைப் பாருங்கள். பழைய இரும்புத் தட்டின் வெட்டில், ஒரே கோடாகத் தெரிவது இரு முனையும் மெலிந்த பல குறுவெட்டுகளின் தொடர். இன்றைய வைரமுனைக் கருவி ஒரே ஓட்டத்தில் போகும். மூலைகளில் இணைகோட்டுக் கீறல்களை விட்டுவைக்கும். கத்தியால் கீறிப் பார்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது உண்மையாகவே பழையதாக இருந்துவிட்டால்?

கேள்வி: பழுப்புக் கறை இருந்தால் கல்லறையில் புதைந்திருந்தது என்று அர்த்தமா?
– ஒரு வாசகி, கோலாலம்பூர்

இல்லை. சாயம் ஏற்றியும் சூடாக்கியும் கறை உண்டாக்குவது பல நூற்றாண்டுத் தொழில். விரிசல்களில் மட்டும் நிறம் அடர்ந்து நின்றால் விலையைப் பேசவே வேண்டாம்.